தட்டில் எதை விதைப்பது? முதலில் யார் சாப்பிடப்போகிறார்கள் என்று பார்ப்போம்

கடிதம் எழுதிய வாசகிக்கு வயது 54. யாங்கோன் (பழைய ரங்கூன்) நகர மையத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறார். வீட்டில் ஆறு பேர். கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், சுத்த சைவம். மாமியாருக்கு 78 வயது, இதயத் துடிப்பு சீராக இல்லை என்பதற்காக வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.6. மகன், நான்கு வயதுப் பேரன், அப்புறம் இவர்.

கிழக்குப் பார்த்த சின்ன வராந்தாவில் மைக்ரோகிரீன்ஸ், அதாவது விதைத்து ஓரிரு வாரத்தில் வெட்டிச் சாப்பிடுகிற இளங்குருத்து, வளர்க்க ஆரம்பித்திருக்கிறார். "சாதாரணக் கீரையைவிட 40 மடங்கு சத்து என்று வீடியோவில் சொன்னார்கள். ஐந்து மாடி ஏறி இறங்கிக் கீரை வாங்குவதை நிறுத்திவிடலாம், மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையையும் குறைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்" என்கிறார். மாமியாரிடம் மருத்துவர் கீரை வேண்டாம் என்று சொல்லியிருப்பதால், "இது கொஞ்சம்தானே" என்று இரண்டு வாரமாகத் தினமும் ஒரு கைப்பிடி செங்கீரைக் குருத்து கொடுத்துவருகிறார். கணவருக்குப் பதினைந்து நாள் வளர்ந்த வெந்தயக் குருத்தை அரைத்து ஜூஸாகக் கொடுத்தாராம். "புல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது" என்று அவர் தம்ளரைத் தள்ளிவிட்டார். முள்ளங்கி விதைத்த தட்டில் மூன்றாம் நாளே வெள்ளையாகப் பஞ்சு பூத்ததால் மூன்று முறை தூக்கி எறிந்திருக்கிறார். அடுத்து ராஜ்மா, தக்காளி, சோளம் எல்லாம் விதைக்கலாமா, எது ருசி, எது சத்து, செடி வளர்க்கும் விளக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது எந்த வகையை விதைப்பது என்று. அதற்குப் பதில் கீழே வருகிறது. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிற ஆறு பேரில் மூன்று பேருக்கு, எந்த வகை என்பதைவிட எப்படிச் சாப்பிடுவது, சாப்பிடலாமா என்பதுதான் பெரிய கேள்வி. அதிலும் ஒரு விஷயம் அவசரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் விஷயம்: இந்த வாரமே ரத்தப் பரிசோதனை

வார்ஃபரின் என்ற மாத்திரை, உடலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. பச்சை இலைகளில் வைட்டமின் கே அதிகம். திடீரென்று அதை அதிகமாகச் சாப்பிட்டால் மாத்திரையின் பலம் குறைந்து, ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து கூடும். 2012-ல் அமெரிக்காவில் 25 வகை மைக்ரோகிரீன்ஸை எடுத்து அளந்தார்கள். அவற்றில் வைட்டமின் கே மிக அதிகமாக இருந்தது செங்கீரைக் குருத்தில்தான்: 100 கிராமில் சுமார் 410 மைக்ரோகிராம். நீங்கள் கொடுக்கிற கைப்பிடி 20 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 80 மைக்ரோகிராமுக்கு மேல். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவே சுமார் 90 மைக்ரோகிராம்தான். ஆக, "கொஞ்சம்தானே" என்பது இந்த ஒரு சத்தைப் பொறுத்தவரை சரியில்லை. இருக்கிற வகைகளிலேயே அவருக்குப் பொருந்தாததை, தெரியாமல், தினமும் கொடுத்திருக்கிறீர்கள்.

பதறாதீர்கள். நாளைக்கே ஒரேயடியாக நிறுத்திவிட்டுச் சும்மாவும் இருந்துவிடாதீர்கள். அதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு வாரத்துக்குள் அவருக்கு ஐஎன்ஆர் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) நடந்து, அளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருந்தால், இப்போது கீரையை நிறுத்தும்போது மாத்திரையின் பலம் ஏறி, ரத்தம் கசியும் ஆபத்து வரும். எனவே முதலில் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள், எந்தத் தேதியிலிருந்து, என்ன, எவ்வளவு என்பதோடு. ஐஎன்ஆர் பார்த்துவிட்டு அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள் அல்லது தொடருங்கள். மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதற்கிடையில் முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை வலுவிழப்பது என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலும், மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும் அதேதான்.

இன்னொன்றையும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுப்பாருங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிற பலர், கீரையை அடியோடு விலக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் மருத்துவர்கள் எதிர்பார்ப்பது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காத, ஒரே சீரான அளவு. அந்தச் சீரான அளவு மாமியாருக்கு எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல முடியும். அதுவரை அவர் தட்டில் மைக்ரோகிரீன்ஸ் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

அந்த 40 மடங்கு

வீடியோ போடுகிறவர்களுக்கு 40 என்ற எண் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அது முழுப்பொய்யும் அல்ல. மேலே சொன்ன அதே ஆய்வில், சில வகைகளில் சில வைட்டமின்கள், முற்றிய இலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு இருந்தன. ஏதோ ஒரு வகையில் ஏதோ ஒரு வைட்டமினுக்குக் கிடைத்த உச்ச எண்ணை எடுத்து, எல்லா வகைக்கும் எல்லாச் சத்துக்கும் ஒட்டிவிட்டார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். அந்த 25 வகைகளில் வைட்டமின் சி அதிகம் இருந்தது சிவப்பு முட்டைக்கோஸ் குருத்தில்: 100 கிராமுக்கு 147 மில்லிகிராம். மிகக் குறைவாக இருந்ததில் 20 சொச்சம். ஆனால் யார் வீட்டில் 100 கிராம் மைக்ரோகிரீன்ஸ் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிறார்கள்? 20 கிராம் சாப்பிட்டால் உச்சபட்சமே 30 மில்லிகிராமுக்குள். உங்கள் தெருமுனையில் கூடையில் விற்கிற கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரைப் பழம் போதும், உங்கள் தட்டு தோற்றுவிடும்.

அதனால் கசுன்யுவெ என்கிற வள்ளைக்கீரை, புளிச்சக்கீரை, முருங்கைக்கீரை எதையும் விட்டுவிடாதீர்கள். கீரையைச் சமைத்தால் ஆளுக்கு 100 கிராம்கூட உள்ளே போகும், நார்ச்சத்தும் அதோடு போகிறது. மைக்ரோகிரீன்ஸ் அதற்குமேல் ஒரு சேர்மானம். நல்ல சேர்மானம்தான், அதிலும் மொறுமொறுப்புக்கும் காரத்துக்கும் மணத்துக்கும். ஐந்து மாடி ஏறுவதை நிறுத்தும் அளவுக்கு மட்டும் அதை நம்ப முடியாது. மகனையோ கணவரையோ கீரை வாங்கிவரச் சொல்லுங்களேன், சர்க்கரைக்காரருக்கு மாடி ஏறுவதும் நல்லதுதான்.

மருமகளுக்கு: மாத்திரை மாத்திரைதான்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 9.6 என்பது கவனமாகச் சரிசெய்ய வேண்டிய அளவு. கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு வேண்டிய இரும்புச்சத்து சுமார் 27 மில்லிகிராம். 20 கிராம் மைக்ரோகிரீன்ஸிலிருந்து கிடைப்பது அரை மில்லிகிராமைக்கூடத் தாண்டாது, அதிலும் உடல் ஏற்றுக்கொள்வது ஒரு பங்குதான். மாத்திரையைக் குறைக்கிற பேச்சே வேண்டாம். மாத்திரையால் மலச்சிக்கலோ குமட்டலோ இருந்தால் அதை மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரையோ வேறு நேரமோ சொல்வார்.

நீங்கள் உதவக்கூடிய இடம் வேறு. இந்த ஊரில் சாப்பாட்டோடு சாப்பாடாகச் சீனத்தேநீர் குடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது, லப்பெட் என்கிற ஊறவைத்த இலைக் கலவையும் தேயிலைதான். தேயிலையில் உள்ள டானின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். பருப்பு, கீரை சாப்பிடும்போது எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

அவருக்கு மைக்ரோகிரீன்ஸ் பச்சையாக வேண்டாம். முளைகட்டிய தானியத்தையும் பச்சையாகத் தரக் கூடாது. 2011-ல் ஜெர்மனியில் ஈ-கோலை கிருமி பரவி 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் நோயுற்றார்கள். விசாரித்துப் போனபோது அது முளைகட்டிய வெந்தயத்தில் போய் நின்றது. விதையிலேயே கிருமி ஒட்டிக்கொண்டிருந்தால், முளைகட்டும் ஈரமும் சூடும் அதைப் பெருக்கிவிடுகிறது. எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. மைக்ரோகிரீன்ஸை வெளிச்சத்தில், காற்றோட்டத்தில் வளர்த்து, வேரையும் விதையையும் விட்டுவிட்டுத் தண்டை மட்டும் வெட்டுவதால் ஆபத்து முளைகட்டியதைவிடக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கொதிக்கிற பருப்பிலோ கஞ்சியிலோ போட்டு, ஆவி பறக்க வெந்த பிறகு கொடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும். பேரனுக்கும் இதே விதி. மருத்துவர் அனுமதித்தால் மாமியாருக்கும் இதே விதி.

காலையில் நான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற பே ப்யோவைப் பாருங்கள். முளைவிட்ட பட்டாணியை மெத்தென்று வேகவைத்துத்தான் விற்கிறார்கள். மருமகளுக்கு அதுபோல வெந்ததாக இருந்தால் முளைப்பயறும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கணவருக்கும் அவர் தள்ளிவிட்ட தம்ளருக்கும்

அவர் செய்தது நியாயம்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெந்தயக் குருத்தை எட்டு, பத்து நாளுக்குள் வெட்டிவிட வேண்டும். பதினைந்து நாளானால் கசப்பு ஏறி, தண்டு நாராகிவிடும். அதை அரைத்துவேறு கொடுத்தால் யார் குடிப்பார்?

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று நாம் கேள்விப்பட்டது பெரும்பாலும் விதையைப் பற்றியது. விதைக்குள் இருக்கும் வழவழப்பான நார்ச்சத்துதான் சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கு உதவுகிறது. விதை முளைத்து வளரும்போது அந்த நாரைத்தான் செடி தன் உணவாகச் செலவழிக்கிறது. குருத்தில் அது இருக்காது. ஆகவே ருசிக்காகச் சாப்பிடலாம், மெட்ஃபார்மினுக்குப் பதிலாக என்று நினைக்கக் கூடாது.

அவருக்கு நான் கவலைப்படுவது வேறொன்றை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரருக்கு அது ஏற்கெனவே குறைவாகத்தான் கிடைக்கும், பாலும் தயிரும்தான் வழி. மைக்ரோகிரீன்ஸில் பி12 கிடையாது, எந்தக் கீரையிலும் கிடையாது. பாதம் மரத்துப்போவது, எரிச்சல், காரணமில்லாத சோர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

விதைக்கக் கூடாதவை

நீங்கள் எழுதியிருக்கிற அடுத்த பட்டியலில் மூன்றும் தவறு. எல்லா விதையும் முளைத்தால் கீரையாகிவிடும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவோம்.

தக்காளி, கத்தரி நாற்றுகள் உண்பதற்கல்ல. பழம் தின்னலாம், இலையிலும் தண்டிலும் நச்சுப்பொருள் உண்டு.

ராஜ்மா பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருந்தால் கடும் வாந்தி பேதி வரும். நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அதிலுள்ள நச்சு அழியும். இதே வரிசையில் லைமா பீன்ஸ் என்ற பட்டர் பீன்ஸையும் சேருங்கள். அந்தக் காலத்தில் 'ரங்கூன் பீன்ஸ்' என்ற பேரிலேயே கப்பல் ஏறிப்போன நம் ஊர்ச் சரக்கு அது. உள்ளே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்பதால் பேர் கெட்டது. சமைக்கத் தெரிந்தவர் கையில் அது நல்ல பயறு. தட்டில் வளர்த்துப் பச்சையாகத் தின்பதற்கு ஆகாது.

சோள (ஜோவர், மக்காச்சோளம் அல்ல) நாற்றிலும் அதே சயனைடு தொல்லை உண்டு. இளம் சோளப்பயிரை மேய்ந்த மாடு செத்துப்போன கதை கிராமத்தில் விவசாயம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விவசாயக் கடையில் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசியது போல விதை கொடுத்தால் அது பூஞ்சைமருந்து தடவியது. வயலுக்குத்தான், சாப்பாட்டுத் தட்டுக்கு இல்லை. கழுவினால் போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தெயின்ஜி சந்தை மசாலாக் கடைகளில் சமையலுக்கு விற்கிற கடுகு, வெந்தயம், முழு மல்லியே போதும். பழைய சரக்காக இருக்கலாம், அதனால் இருபது விதையை ஈரத்துணியில் மடித்துவைத்துப் பாருங்கள். பதினைந்து விதையாவது முளைத்தால் வாங்கலாம்.

சரி, எதை விதைப்பது?

ருசியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ருசியில்லாததை எவ்வளவு சத்து என்றாலும் மூன்றாம் நாள் யாரும் தொட மாட்டார்கள். உங்கள் வீட்டிலேயே அது நிரூபணமாகிவிட்டது.

முதல் இடம் முள்ளங்கிக்கு. ஐந்து முதல் ஏழு நாளில் வெட்டலாம், காரம் சுள்ளென்று இருக்கும், தண்டு மொறுமொறு. அந்த 2012 ஆய்வில் வைட்டமின் ஈ-யில் முதலிடம் பிடித்ததும் பச்சை முள்ளங்கிக் குருத்துதான். தக்காளித் தோவிலும் (தோ என்றால் பர்மியப் பச்சடி) லப்பெட்டிலும் மேலே தூவினால் தனி ருசி. அத்தோ நூடுல்ஸ் பிசையும்போது முட்டைக்கோஸ் பாதி, முள்ளங்கிக் குருத்து பாதி என்று போட்டுப்பாருங்கள், உங்கள் மகன் இன்னொரு தட்டு கேட்பார்.

கடுகு அடுத்தது. ஒரு வாரம்தான். வாயில் போட்டதும் ஒன்றும் தெரியாது, மெல்ல மெல்ல மூக்கில் ஏறும். கடிக்கும்போதுதான் அந்தக் காரமே உண்டாகிறது, அடுப்பில் போட்டால் காணாமல் போய்விடும். அதனால் பச்சையாகச் சாப்பிடக்கூடியவர்களுக்கு, பரிமாறும்போது மேலே போடுங்கள். கணவருக்குத் தயிர்ப்பச்சடியில் கலந்து கொடுங்கள், தயிரில் காரம் அடங்கி மணம் மட்டும் நிற்கும். ஜூஸ் வேண்டாம்.

பட்டாணிக்குருத்து இனிக்கும். காரமே பிடிக்காதவர்களுக்கும் பேரனுக்கும் இதுதான் சரி. முழுப் பட்டாணியை ஒரு இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து, பதினான்கு நாளில் ஒரு சாண் உயரம் வரும். அடிக் கணுவுக்கு மேலே வெட்டினால் இன்னொரு முறை துளிர்க்கும், இரண்டாவது அறுவடை கொஞ்சம் மெலிந்திருக்கும். வதக்கினாலும் சூப்பில் போட்டாலும் ருசி கெடாது, ஆகவே மருமகளுக்கு வேகவைத்துக் கொடுக்க இதைவிடத் தோதானது இல்லை. இருட்டிலேயே வைத்து மஞ்சளாக வளர்க்கிறவர்களும் உண்டு. அது இளசாக இருக்கும், ஆனால் வெளிச்சம் படாததில் வைட்டமின்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

சூரியகாந்தியும் நல்ல தேர்வு. நிலக்கடலை வாசம், தடித்த இலை, எள்ளும் வறுத்த கடலையும் போடுகிற எந்தத் தோவுக்கும் பொருந்தும். தேநீர்க்கடையில் கொறிப்பதற்கு விற்கிற வறுத்த விதை முளைக்காது, தோலோடு இருக்கும் பச்சை விதை வேண்டும். எட்டு மணி நேரம் ஊறவைத்து விதைத்து, மேலே இன்னொரு தட்டும் ஒரு செங்கல்லும் மூன்று நாள் வைத்தால் தோலை உதறிவிட்டு மேலே வரும். வராத தோலைக் கையால் உருவ வேண்டியிருக்கும், அதுதான் இதில் வேலை.

வெந்தயத்தை விட்டுவிட வேண்டியதில்லை. எட்டாம் நாள் வெட்டிச் சப்பாத்தி மாவிலோ பருப்பிலோ போடுங்கள். மல்லி ரொம்ப மணம், கரோட்டீன் சத்தில் அந்த 25 வகைகளில் முன்னால் நின்றது, ஆனால் பொறுமை வேண்டும். முழு விதையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து விதைத்தாலும் மூன்று வாரம் ஆகும். செங்கீரை நிறத்துக்காகவே வளர்க்கலாம், மாமியார் சாப்பிடும் பாத்திரத்தில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளிச்சக்கீரை, கசுன்யுவெ எல்லாம் தட்டில் வளர்க்க எனக்கு மனசு வரவில்லை, சந்தையில் மலிவாக, பெரிதாகக் கிடைப்பதைக் குருத்தாக வெட்டி என்ன லாபம்?

மொத்தத்தில், முள்ளங்கியும் பட்டாணியும் வைத்துத் தொடங்குங்கள். கை பழகிய பிறகு கடுகு, சூரியகாந்தி.

நீங்கள் எறிந்த அந்த வெள்ளைப் பஞ்சு

"ஒவ்வொரு முளையைச் சுற்றியும் ஒரே மாதிரி பஞ்சு, மூன்றாம் நாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அது பூஞ்சையே இல்லை, வேர்த்தூவி, அதாவது வேரில் வருகிற மெல்லிய மயிர். முள்ளங்கிக்கும் கடுகுக்கும் அப்படித்தான் வரும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: தூவியாக இருந்தால் படிந்து மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்ப வரும். பூஞ்சையாக இருந்தால் சிலந்தி வலை மாதிரி ஒரு மூலையிலிருந்து தண்டுகளின் மேல் படரும், தெளித்தாலும் போகாது, ஊசிப்போன வாசம் வரும், தண்டு அடியில் கொழகொழத்துச் சாயும். அப்படியானால் நல்ல பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாமே என்று பார்க்காதீர்கள், முழுத் தட்டையும் கொட்டிவிட்டு, தட்டைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

நம் ஊரில் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை காற்றே ஈரமாக இருக்கிறது. அந்த மாதங்களில் பூஞ்சையோடுதான் போராட்டம். விதையை நெருக்கமாகப் போடாதீர்கள். ஒரு சதுர அடிக்குக் கடுகு என்றால் 10 கிராமுக்குள், முள்ளங்கி 20 கிராம், பட்டாணி 150 கிராம் போதும். தண்ணீரை மேலே ஊற்றாமல், ஓட்டை போட்ட தட்டை இன்னொரு தட்டுக்குள் வைத்து அடியில் ஊற்றுங்கள், அரைமணி நேரத்தில் உறிஞ்சாமல் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். மண்ணைவிடத் தேங்காய் நார்த்தூள் சுத்தம், அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். சாணம், கோழி எரு எதுவும் கிட்டே வர வேண்டாம், ஒரு வாரப் பயிருக்கு உரமே தேவையில்லை. இலை விட்ட பிறகு தெளிப்பதற்கும், வெட்டிய பின் கழுவுவதற்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், 20 லிட்டர் கேனில் வருகிற குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். மல்லியும் பட்டாணியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகமாக வளரும். ஏப்ரலில் வரும் திஞ்சான் புத்தாண்டை ஒட்டிய வெயிலில் அவை வாடும், செங்கீரை அப்போதுதான் குஷியாக இருக்கும்.

பெரிய தட்டாக ஒன்று விதைத்து ஒரே நாளில் அறுக்காதீர்கள். சின்னத் தட்டுகளாக மூன்று, மூன்று நாலு நாள் இடைவெளியில் விதையுங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில் ஃபிரிட்ஜை நம்பி வெட்டிவைக்க முடியாது, வெட்டிய குருத்து வெதுவெதுப்பில் இருந்தால் கிருமிக்கு விருந்து. தட்டில் உயிரோடு இருக்கிறவரை அது கெடாது. சாப்பிடுகிற வேளைக்கு, சாப்பிடுகிற அளவு மட்டும் கத்தரித்துக்கொள்ளுங்கள்.

செடி வளர்க்கும் விளக்கு கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கிழக்குப் பார்த்த வராந்தாவில் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்தாலே இந்தப் பயிர்களுக்குப் போதும். மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் எரியப்போகிற விளக்குக்குக் கொடுக்கிற பணத்தில், மாமியாரின் ஐஎன்ஆர் பரிசோதனையையும் உங்கள் கணவரின் பி12 பரிசோதனையையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள்.